பாட்டி வீட்டில் ஒரு டி.வி. ஸ்டேஷன்!

சாப்பாட்டுத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருகிறீர்கள். ஹார்டு டிஸ்க் நிறைய படம். 'இது வேணாம், அது பார்த்தாச்சு'ன்னு உருட்டி உருட்டியே ரசம் சாதம் காலி. படம் மட்டும் ஆரம்பிக்கவே இல்லை! அதே நீங்க, டி.வி.யில் பாதியில் ஓடுகிற, பத்து தடவை பார்த்த படத்தை அசையாமல் பார்ப்பீங்க. என்ன பார்ப்பதுன்னு யோசிக்கிற வேலை நம்ம தலையில் இல்லை பாருங்க, அதான் சுகம்.

அந்த சுகத்தை நம்ம ஹார்டு டிஸ்க்குக்கே கொண்டு வரலாம். 'ஜெல்லிஃபின்' உங்க படங்களை அடுக்கி வைக்கும். 'டியூனார்' அவற்றைச் சேனலாக்கும். ரெண்டும் இலவசம். ஏழு மணிக்குக் காமெடி, எட்டு மணிக்குப் படம்னு நேரம் ஒதுக்கிட்டா போதும். 22 நிமிஷ எபிசோடை அரை மணி நேரத்தில் போட்டால் 8 நிமிஷம் மிச்சமாகுமே? அதில் பாட்டு, டிரெய்லர்னு நிரப்பிக்கலாம்.

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. நீங்க பார்க்காதபோது எதுவும் ஓடுவதே இல்லை! சேனலைத் திருப்பியதும், 'மணி 8.40, அப்போ எட்டு மணிப் படத்தில் 40-வது நிமிஷம்'னு கணக்குப் போட்டு அங்கிருந்து காட்டும். சேனல் பட்டியல், நிகழ்ச்சி நிரல் ரெண்டுக்கும் தனித்தனி முகவரி கொடுக்கும். ஆண்ட்ராய்டு டி.வி.யில் ஒரு ஐ.பி.டி.வி. ஆப்பில் அதைப் போட்டால் ரிமோட்டிலேயே சேனல் மாற்றலாம். கம்ப்யூட்டர் மட்டும் ஆனிலேயே இருக்கணும். வீடியோவை அப்பப்போ மாற்றிக் கொடுக்கிற வேலையும் அதுக்குத்தான், பழைய லேப்டாப் என்றால் கொதிக்கும். ஒரு சேனலோடு ஆரம்பிங்க. சொந்தமா வாங்கின டிஸ்க், வீட்டு வீடியோவோடு நிறுத்திக்கிறதும் நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு ஃபைனல் இயர் பையன் லீவுக்கு ஊருக்குப் போனபோது இதைப் பாட்டிக்காகச் செய்தான். தனியாக இருக்கிறவங்க. மெனு, பாஸ்வேர்டெல்லாம் ஆகாது; பட்டனை அமுக்கினால் ஏதாவது ஓடணும். சாயங்காலம் பழைய பாட்டு, எட்டு மணிக்குக் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய குடும்ப வீடியோன்னு வைத்துவிட்டு ஹாஸ்டல் திரும்பினான்.

மறுவாரம் பாட்டி போன்.

"டேய், நேத்து உங்க தாத்தா வந்தாருடா. சித்தி கல்யாணத்துல பந்தியில பரிமாறிட்டு இருந்தாரு. பாதியில கரண்ட் போயிடுச்சு. மறுபடி எப்போடா போடுவான்?"