உங்களுக்குத் தெரியுமா? மேல்நாட்டுப் படங்களில் பூர்வஜென்ம வாசனை!

கமல் நடித்த ‘எனக்குள் ஒருவன்’ (1984) ஞாபகம் இருக்கிறதா? அது இந்தி ‘கர்ஸ்’ (1980) படத்தின் ரீமேக். அந்தக் கர்ஸுக்கும் ஒரு தாத்தா உண்டு! 1975-இல் வந்த ‘தி ரீஇன்கார்னேஷன் ஆஃப் பீட்டர் ப்ரவுட்’. ஹாலிவுட்டில் பிறந்து, பம்பாயில் பிறந்து, கோடம்பாக்கத்திலும் பிறந்தது. கதைக்கே மூன்று ஜென்மம்!

அந்தப் பீட்டர் ப்ரவுட்டில் அம்மா மார்கோட் கிடர். மகள் ஜெனிஃபர் ஓ’நீல். இருவருமே பிறந்தது 1948-இல்தான். மகள் பிப்ரவரி, அம்மா அக்டோபர். ஆமாம், அம்மாவைவிட மகள் 8 மாதம் மூத்தவர்!

இன்னும் கேளுங்கள். ஏரியில் நீந்தும் கணவனைத் துடுப்பால் அடித்துக் கொல்கிறாள் மனைவி. அவன் மறுபடி பிறந்து, வளர்ந்து, தேடிப்பிடித்து அதே ஏரிக்கு வருகிறான். அதே மனைவி மறுபடியும் கொல்கிறாள்! நம்மூராக இருந்தால் பழிவாங்காமல் ‘வணக்கம்’ போட்டிருப்போமா?

2,000 வருடங்களாகச் சாகாத ஒரு ராணி. காதலன் மறுபடி பிறந்து வருவான் என்று காத்திருக்கிறாள். இதுதான் ரைடர் ஹாகார்டின் ‘ஷீ’ நாவல். அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துப் படமாக்கினார் பிரான்ஸின் ஜார்ஜ் மெலியே. வருடம் 1899. படத்தின் நீளம் சுமார் 1 நிமிடம்!

1935-இல் அதே ராணியாக நடித்தவர் ஹெலன் கஹேகன். ஆயுளுக்கும் அவர் நடித்த சினிமா அது ஒன்றுதான். அப்புறம் அரசியலில் குதித்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார். 1950-இல் செனட் தேர்தலில் நின்று தோற்றார். தோற்கடித்தவர் யார்? ரிச்சர்ட் நிக்சன்!

‘தி மம்மி’ (1932) கதாநாயகி 3,700 வருடத்துக்கு முந்தைய எகிப்து இளவரசியின் மறுபிறவி. நடுவில் அவள் எடுத்த மற்ற பிறவிகளையும் செலவு செய்து படம்பிடித்தார்கள். எடிட்டிங்கில் அத்தனையும் போச்சு! அதில் சாக்ஸன் வீரனாக வந்த ஹென்றி விக்டரின் பெயர் மட்டும் நடிகர் பட்டியலில் இன்றைக்கும் இருக்கிறது. படம் முழுக்கத் தேடிப் பாருங்கள், ஆள் கிடைக்கமாட்டார்!

1950-களில் ஓர் அமெரிக்க இல்லத்தரசியை ஹிப்னாடிஸத்தில் ஆழ்த்தினார்கள். போன ஜென்மத்தில் தான் அயர்லாந்தின் பிரைடி மர்ஃபி என்றார் அவர்! புத்தகம் வந்து பறந்தது. 1956-லேயே படமும் வந்தது. ஊருக்கே பித்துப் பிடித்தது. போன பிறவியில் யாரோ, அந்த வேஷத்தில் வரச்சொல்லி வீட்டுக்கு வீடு விருந்து! நிருபர்கள் அயர்லாந்துக்கே ஓடினார்கள். பிரைடி வாழ்ந்ததற்குக் கிடைத்த பதிவு? பூஜ்யம்!

நாய் மனிதனாகப் பிறந்தால் என்ன வேலை பார்க்கும்? துப்பறியும்! ‘யூ நெவர் கேன் டெல்’ (1951) படத்தில் விஷம் வைத்துக் கொல்லப்பட்ட நாய், துப்பறிவாளனாகத் திரும்பி வந்து தன் கொலையைத் தானே துப்புத் துலக்குகிறது. உதவிக்கு ஓர் இளம்பெண். அவள் போன பிறவியில் பந்தயக் குதிரை!

1980-இல் வண்டியைத் திருப்பிப் போட்டார்கள். ‘ஓ! ஹெவன்லி டாக்’ படத்தில் கொலையுண்ட துப்பறிவாளன் நாயாகத் திரும்புகிறான். வேலை அதேதான்!

‘எ டாக்ஸ் பர்ப்பஸ்’ (2017) படத்து நாய் செத்துச் செத்துப் பிறக்கிறது. செலவு சுமார் 2.2 கோடி டாலர். உலக வசூல் 20 கோடி டாலருக்கும் மேல்!

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ எடுத்த ராபர்ட் வைஸ் ஒரு மறுஜென்மப் படமும் எடுத்தார். ‘ஆட்ரி ரோஸ்’ (1977). இறந்த தன் மகள்தான் உங்கள் வீட்டில் பிறந்திருக்கிறாள் என்று ஒருவர் வந்து நிற்கிறார். விவகாரம் கோர்ட் வரை போகிறது. வந்து நிற்பவர் ஆன்டனி ஹாப்கின்ஸ்! படம் முடியும்போது திரையில் எழுத்தாக வருவது என்ன தெரியுமா? பகவத் கீதை!

‘டெட் அகெய்ன்’ (1991) ஜோடி கென்னத் பிரானாவும் எம்மா தாம்ஸனும் நிஜத்திலும் அப்போது கணவன் மனைவி. படத்தில் இருவருக்கும் இரட்டை வேடம், இரண்டு ஜென்மம். முடிச்சு எங்கே? போன ஜென்மத்துப் பெண்தான் இப்போது அவர், போன ஜென்மத்து ஆண்தான் இப்போது இவள்! முகத்தைப் பார்த்து ஏமாந்தீர்கள் அல்லவா?

எமலோகக் கணக்கில் பிசகி, ஆயுள் முடியுமுன்பே உயிரைப் பறித்துவிட்டால்? ‘ஹெவன் கேன் வெயிட்’ (1978) நாயகன் கூடுவிட்டுக் கூடு பாய்கிறான். ஆஸ்கர் பரிந்துரை 9. அதில் வாரன் பீட்டி என்ற ஒரே மனிதருக்கு மட்டும் 4!

அந்தப் பீட்டிக்கு ஓர் அக்கா. நடிகை ஷெர்லி மெக்லீன். பூர்வஜென்மத்தை அடித்துச் சொல்பவர். ‘டிஃபெண்டிங் யுவர் லைஃப்’ (1991) படத்தில் செத்தவர்களுக்கு அவரவர் பழைய பிறவிகளைக் காட்ட ஒரு மண்டபம் உண்டு. வாசலில் வரவேற்பவர் சாட்சாத் ஷெர்லி மெக்லீன், ஷெர்லி மெக்லீனாகவே!

டிராகுலாவின் காதலி மறுபடி பிறந்து வருவாளே, கொப்போலாவின் 1992 படத்தில்? பிராம் ஸ்டோக்கரின் நாவலில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது!

பெர்ட்டொலூச்சியின் ‘லிட்டில் புத்தா’வில் (1993) ஒரு லாமா இறந்து எத்தனை பேராகப் பிறக்கிறார் தெரியுமா? மூன்று! உடல் ஒரு குழந்தை, வாக்கு ஒரு குழந்தை, மனம் ஒரு குழந்தை. மூவரில் ஒருத்தி சிறுமி! சித்தார்த்தராக வருபவர் கீயானு ரீவ்ஸ்!

இப்போது என் செல்லப் படம். இத்தாலியின் ‘லெ குவாத்ரோ வோல்தே’ (2010). கதாநாயகர்கள் நான்கு: கிழ ஆட்டிடையர், ஆட்டுக்குட்டி, மரம், கரி! கிழவர் தேவாலயத் தரையில் கூட்டிய தூசியைத் தண்ணீரில் கலக்கி மருந்தாகக் குடிக்கிறார். ஒருநாள் அந்தத் தூசிப் பொட்டலம் தொலைகிறது. மறுநாள் ஆள் இல்லை. அடுத்த காட்சியில், கேமரா முன்னாலேயே ஓர் ஆட்டுக்குட்டி பிறந்து விழுகிறது! குட்டி ஒரு மரத்தடியில் ஒதுங்குகிறது. மரத்தைத் திருவிழாவுக்கு வெட்டுகிறார்கள். அப்புறம் அது கரிமூட்டத்துக்குப் போகிறது. 88 நிமிடம், வசனம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை!

அதிலே ஒரு நாய்! லாரிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லை உருவிவிடுகிறது. லாரி பின்னால் உருண்டு பட்டியை உடைக்க, ஆடெல்லாம் வெளியே. எத்தனை ஷாட்? ஒன்றே ஒன்று!

‘கிளவுட் அட்லஸ்’ (2012): கதை 6, இயக்குநர்கள் 3, ஓடும் நேரம் 172 நிமிடம். ‘மேட்ரிக்ஸ்’ வில்லன் ஹ்யூகோ வீவிங் இதில் ஒரு பிறவியில் பெண் நர்ஸ்!

‘வாட் ட்ரீம்ஸ் மே கம்’ (1998) பார்த்திருப்பீர்கள். அதற்கு இன்னொரு கிளைமாக்ஸ் எடுத்தார்கள், டிவிடியில் இருக்கிறது. ராபின் வில்லியம்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் பிறக்கிறார். அவர் மனைவி பிறப்பது எங்கே? இலங்கையில்!

ஏழேழு ஜென்ம பந்தம் என்று நாம் பெருமையடிப்போம். ‘பாஸ்ட் லைவ்ஸ்’ (2023) படத்தில் கொரிய நம்பிக்கை ஒன்று வருகிறது. இரண்டு பேருக்குக் கல்யாணம் நடக்க எத்தனை ஜென்மத் தொடர்பு வேண்டுமாம்? 8,000!