சிறார் உடற்பருமனும் சுற்றத்தின் கடமையும்

உணவே உடலை வளர்ப்பது. அளவு கடந்தவழி அதுவே உடலை வருத்துவது. இவ்வுண்மை தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பத்துப் பாக்களுள், மருத்துவனின் கடமையையும் மருத்துவத்தின் உறுப்புக்களையும் கூறுவன இறுதி மூன்றே; எஞ்சியவற்றுட் பெரும்பாலன உண்ணும் அளவைப் பற்றியன. முதற் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், உணவோடு செயலையும் சேர்த்தெண்ணி, இவ்விரண்டும் ஒருவனது உடலுக்கு ஏற்ற அளவிற் கூடினாலும் குறைந்தாலும் துன்பமே விளையும் என விளக்கினார். சிறுவர் உடற்பருமனை ஆராய்வார்க்கு இவ்வுரை நல்ல தொடக்கமாகும்.

மிகையும் குறையும் ஒரே நகரில் ஒருங்கே காணப்படுதல் கொழும்பின் இயல்பு. 8 முதல் 12 வயது வரையான கொழும்புப் பாடசாலைச் சிறாரை அளந்தறிந்த ஆய்வொன்று 2004 ஆம் ஆண்டில் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆண் பிள்ளைகளுள் 4.3 வீதத்தினரும் பெண் பிள்ளைகளுள் 3.1 வீதத்தினரும் மிகு பருமன் உடையோர். அவர்களோடு ஒரே காலத்தில் அளக்கப்பட்டோருள் ஏறத்தாழ நாலில் ஒருவர் மெலிந்தோர் என அது காட்டிற்று. ஆதலின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. அளந்தறிந்த பின்னரே ஆவன செய்தல் வேண்டும்.

அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடற்றிணிவுச் சுட்டெண் வளர்ந்தோர்க்கு ஒருவாறும் பிள்ளைகளுக்கு வேறொருவாறும் கொள்ளப்படும். 5 முதல் 19 வயது வரையானோர்க்கென உலகச் சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணை, வயதையும் பாலையும் சேர்த்தே கணக்கிடுகின்றது. அதுவும் நம்மவர்க்கு முழுதும் போதியதன்று. கொழும்புப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் பூஜித விக்கிரமசிங்க முதலியோரின் ஆய்வுகள், ஒரே சுட்டெண் உடைய வெள்ளையினப் பிள்ளையினும் இலங்கை வழிவந்த பிள்ளையின் உடலிற் கொழுப்பு மிகுதி என்று காட்டின. புறத்தே சற்றுப் புஷ்டியாகத் தோன்றும் பிள்ளையின் அகத்தே ஈரலிற் கொழுப்பும் நீரிழிவின் வித்தும் தங்கியிருத்தல் கூடும். நீரிழிவு மலிந்த நம் சமுதாயத்தில் இதனை அலட்சியஞ் செய்தல் தகாது.

இந்நிலைக்குப் பிள்ளையின் பெருந்தீனியே காரணம் என்பது மேலோட்டமான கருத்து. வெள்ளவத்தையை நோக்குக. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல, முற்றமும் வளவும் உடைய வீட்டை விட்டுத் தொடர்மாடியின் மூன்று அறைகளுள் ஒடுங்கின. ஓடியாட இடமில்லை, காலி வீதியின் வாகன நெரிசலிற் பிள்ளையைத் தனியே அனுப்பத் துணிவார் இல்லை. கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கைகளிலும் நிலை வேறன்று. இதன்மேல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வந்து சேர்கின்றது. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. இடையே பசிக்கு ஒரு ரோல்ஸ், தாகத்துக்கு ஒரு புட்டி இனிப்புப் பானம். வீட்டிலோ, பஞ்சமும் இடப்பெயர்வும் கண்ட பாட்டி, பேரன் இன்னும் ஒரு பிடி உண்ணுதலையே தன் அன்பின் வெற்றியாகக் கருதுகின்றாள். அவளைக் குறை கூறுதல் அறியாமை. பசியை அறிந்த நெஞ்சுக்கு அதுவே இயல்பு.

பழக்கம் குடும்பத்துக்கு உரியதாயின் மாற்றமும் குடும்பத்துக்கே உரியதாதல் வேண்டும். அமெரிக்க உளவியலறிஞர் லெனார்ட் எப்ஸ்டைன் குழுவினர் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்தாண்டு ஆய்வு இதற்குச் சான்று. மூன்று பிரிவினர்க்கும் உணவும் உடற்பயிற்சியும் பற்றிய பயிற்சி ஒரே தன்மையது. ஒரு பிரிவிற் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மாறுதற்கு ஊக்கமளிக்கப்பட்டது. மற்றொன்றிற் பிள்ளைக்கு மட்டும். மூன்றாவதில் வந்து போனமைக்கு மட்டும். பத்தாண்டின் பின் முதற் பிரிவுப் பிள்ளைகளின் மிகையெடை சராசரி 7.5 வீதம் குறைந்தது, இரண்டாவதில் 4.5 வீதமும் மூன்றாவதில் 14.3 வீதமும் கூடிற்று. தந்தை புட்டிப் பானம் அருந்திக்கொண்டு மகனுக்குத் தண்ணீர் கொடுத்தாற் பயனில்லை என்பதே இதன் பொருள்.

குடும்பம் மாற விரும்பினும் சுற்றம் இடங்கொடாதாயின் அம்முயற்சி நெடுநாள் நில்லாது. பிரான்சு நாட்டின் வடபகுதியில் புளோர்பே, லவாந்தி என்னும் இரு சிற்றூர்கள் 1992 ஆம் ஆண்டிற் பாடசாலையில் உணவுக் கல்வியைத் தொடங்கி, பின்னர் ஊரார் யாவரையும் அதில் ஈடுபடுத்தின. 2004 ஆம் ஆண்டில் அங்கே மிகையெடைச் சிறார் 8.8 வீதம், ஒப்புநோக்கிய அயலூர்களில் 17.8 வீதம். நம் நாட்டிலும் இதற்கு அடித்தளம் இல்லாமலில்லை. சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தின் வழிகாட்டலில் இயங்கும் தாய்மார் ஆதரவுக் குழுக்கள், அயலிலுள்ள தாய்மாரே ஒருவர்க்கொருவர் துணையாதல் கூடும் என்பதை மெய்ப்பித்துள்ளன. குழந்தையின் நிறை குறைவை நீக்க உதவும் அம்முறை, நிறை மிகுதிக்கும் பொருந்தும்.

இனி நம்மால் இயல்வன சில. ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையிற் பிள்ளைகள் கற்கும் வேளையிற் பெற்றோர் வெளியே காத்திருப்பர். அவ்வொரு மணி நேரமே பெற்றோர் வட்டமாகலாம். குடும்ப சுகாதார உத்தியோகத்தரை மாதம் ஒருமுறை அழைத்து, அளவீட்டின் பொருளை அறிந்து, எவர் வீட்டில் எது பயன்பட்டது என்பதைப் பகிர்ந்துகொள்ளலாம். குரக்கன் பிட்டும், சிவப்பரிசிமா இடியப்பமும், வல்லாரைச் சம்பலும் சமைக்கும் முறையை அங்கே பாட்டிமாரே கற்பிப்பாராயின், அவர்களது அன்புக்கு நல்வழி பிறக்கும். கோயில்களிற் சர்க்கரைப் பொங்கலின் அளவைக் குறைத்துக் கடலைச் சுண்டலை மிகுதியாக வழங்குதல் மரபுக்கு மாறன்று. மாலையிற் சில குடும்பங்கள் கூடி, முறைவைத்து இருவர் காவலாக, வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். நாளொன்றுக்கு 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் பாடசாலைப் பிள்ளைக்கு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

பிள்ளைகளும் வாசித்தறியக்கூடிய கருவி ஒன்று கையில் உண்டு. 2016 ஆம் ஆண்டில் இலங்கை அரசு இனிப்புப் பானங்களுக்கு மூவண்ணக் குறியை விதித்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருப்பின் சிவப்பு, 2 கிராமிற் குறையின் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். சிவப்புக் குறியுடைய 400 மில்லிலீற்றர்ப் புட்டியொன்றில் 44 கிராமுக்கு மேற் சீனி உண்டு. நாளுக்கு 1,600 கலோரி வேண்டும் பிள்ளைக்குச் சேர்க்கப்படும் சீனி அதிற் பத்திலொரு பங்கை, அஃதாவது 40 கிராமை, விஞ்சலாகாது. ஒரு புட்டியே அவ்வளவைக் கடந்துவிடுகின்றது. இக்கணக்கை வகுப்பறையிற் செய்யவைத்தல் கணிதமும் ஆகும், சுகாதாரமும் ஆகும்.

இறுதியாக ஒன்று. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரால் அழைத்தல் நம்மிடையே விளையாட்டாகக் கருதப்படுகின்றது. திருமண வீட்டில் உறவினர் கூறும் ஒரு சொல்லும், மெய்வல்லுநர் போட்டியிற் சக மாணவர் சிரிக்கும் சிரிப்பும் அப்பிள்ளையை விளையாட்டுத் திடலினின்று விலக்குகின்றன. தனிமையில் உண்ணத் தூண்டுகின்றன. வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைத்தல் வேண்டுவதன்று; உயரம் கூடுமளவும் எடை கூடாது காத்தலே போதும். அதற்குப் பட்டினி வேண்டா, பொறுமை வேண்டும். ஆசிரியரும் பழைய மாணவரும் தத்தம் அயலில் ஐந்து குடும்பங்களையேனும் ஒன்றுகூட்ட முன்வருவாராயின், எந்தத் தாயும் இப்பாரத்தைத் தனியே சுமக்க வேண்டியதில்லை.