தோலில் தங்கும் உப்பு

சென்ற தவக்காலத்தில் நோயிற்பூசுதல் வழங்க ஓர் இல்லம் சென்றிருந்தோம். பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்து குடும்பத் தலைவர் படுத்திருந்தார். "இரத்த அழுத்தம் இருப்பது தெரியும், சாமி. தின்ற உப்பெல்லாம் சிறுநீரில் போய்விடும் என்று சொல்லி ஊறுகாயை விடவே இல்லை" என்று அவர் மனைவி கண் கலங்கினார். இவ்வெண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. ஆதலின் இதனை எழுதுகிறோம்.

மிகுதியான உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு பகுதி தோலில் தங்குகிறது. இதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜெர்மானிய மருத்துவர் யென்ஸ் டிட்சே. அவரும் தோழர்களும் எலிகளுக்கு உப்பு மிகுந்த உணவளித்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. தோலில் உப்புச் சேரும்போது, கிருமிகளை விழுங்கும் காவல் அணுக்கள் அதனை உணர்கின்றன. உடனே ஒரு புரதப் பொருளைச் சுரந்து, நுண்ணிய நிணநீர்க் குழாய்களைப் பெருகச் செய்கின்றன. வயலில் தேங்கிய நீரை வடிகால் வடிப்பதுபோல், இக்குழாய்கள் உப்பையும் நீரையும் வடித்து மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. பின்னர் சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. இவ்வேற்பாட்டைத் தடுத்தபோது எலிகளின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. 2013இல் நார்வே ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வும் இதனை வலியுறுத்தியது.

எலியிற் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என முடிவு கட்டலாகாது. எனினும், முதியோரிடமும் உயர் இரத்த அழுத்தமுள்ளோரிடமும் தோலில் சோடியம் மிகுந்திருப்பதைக் காந்தப் படக்கருவி வாயிலாக ஆய்வாளர் கண்டுள்ளனர். ஒரே அளவு உப்பை உண்ணும் இருவருள் ஒருவருக்கு மட்டும் அழுத்தம் ஏறுவதற்கு இவ்வடிகாலின் குறையும் ஒரு காரணமாகலாம்.

நம் வடிகால் எத்தகையது என்பதை வீட்டிலிருந்து அறிய வழியில்லை. ஆகவே அளவே காப்பு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ளதும் இக்கணக்கில் அடங்கும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துதலும் கூடாது.

ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். சிறிதளவே சேர்ந்தும் உணவு முழுவதற்கும் சுவையூட்டுவது உப்பு. குடும்பத் தலைவியரே, குழம்பில் உப்பிடும் உங்கள் கை சற்றே சுருங்கட்டும். உங்கள் இல்லத்தில் ஒருவர் எழுந்து நடமாடுவது அதனாலும் அமையலாம்.