மிதக்கும் வீட்டுக்கும் நிழல் உண்டு

தெப்பத் திருவிழாவுக்கு முந்தின வாரம் கோயில் குளத்துப் பக்கம் போனால், காலி பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே சட்டம் அடித்துப் பலகை பரப்பிக்கொண்டிருப்பார்கள். சாமி உலா வருவது இந்தப் பீப்பாய்களை நம்பித்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து யூனியன் ஏரியில், ஏறக்குறைய 500 வீடுகள் இப்படித்தான் வருஷம் முழுக்க மிதக்கின்றன. நம் தெப்பம் சில நாளில் கரையேறிவிடும். அங்கே மிதவையின்மேல் சமையலறை, படுக்கையறை, மாடி எல்லாம் உண்டு.

பழைய வீடுகளுக்கு அடியில் இருப்பவை சிவப்புச் சிடார் மரத்தின் பெரிய அடிமரங்கள். மரம் வெட்டும் தொழிலாளிகள் தங்கிய மிதவை முகாம்களிலிருந்து வந்த வழக்கம் அது. நூறு வருஷம் தண்ணீரில் கிடந்த மரம் ஏன் உளுத்துப் போகவில்லை? மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். முழுக்க நனைந்து ஊறிய மரத்துக்குள் அது கிடைக்காது. அதனால்தான் தண்ணீருக்குள் இருக்கும் பாகம் நிலைக்கிறது, நீர்மட்டத்தை ஒட்டிய பாகம்தான் முதலில் கெடுகிறது. இன்னொரு எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பிக்குச் சொந்தக்காரன். மரக்கலங்களைச் சல்லடையாக்கும் இந்தப் பிராணி உப்புநீரில்தான் வாழும். யூனியன் ஏரியோ நன்னீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே 1917-இல் திறந்த கப்பல் மதகுகள் இருக்கின்றன. நீர்மட்டம் வருஷத்தில் இரண்டடிக்கு மேல் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அவைதான்.

மரம் ஊற ஊற மிதக்கும் பலம் குறையும், வீடு மெல்லத் தாழும். அப்போது முக்குளிப்பவர்கள் வெற்றுப் பீப்பாய்களைக் கீழே செருகிக் காற்றை நிரப்புகிறார்கள். தெப்பக் கணக்கேதான்.

கணக்கு என்றதும் ஆர்க்கிமிடீஸைக் கொஞ்சம் கூப்பிடலாம். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள மிதவை ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், ஒரு கனமீட்டர் தண்ணீரை விலக்கும். அதாவது ஆயிரம் கிலோ. ஆளுக்கு 60 கிலோ என்று இருபது விருந்தாளிகள் வந்தால் வீடு 1.2 சென்டிமீட்டர் தாழும், அவ்வளவுதான். அத்தனை பேரும் கேக் வெட்டுவதைப் பார்க்க ஒரே ஓரத்துக்குப் போனால்தான் அந்தப் பக்கம் இன்னும் மூன்று சென்டிமீட்டர் சாயும், மேஜைமேல் இருக்கும் எலுமிச்சம்பழம் உருளும். புதிதாகப் பியானோ வாங்கினால் எந்த மூலையில் பீப்பாய் சேர்ப்பது என்று யோசிக்க வேண்டும். கவிழும் பயம் இல்லை. அகலமாகவும் தட்டையாகவும் இருப்பது லேசில் கவிழாது.

ஆக, வீட்டை மிதக்கவிடுவது பெரிய வித்தையில்லை. நகரமன்றத்தில் அதற்கு இடம் பிடிப்பதுதான் வித்தை. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் சியாட்டிலில் இரண்டாயிரத்துக்கும் மேலான மிதவை வீடுகள் இருந்தன. வாடகை கட்ட முடியாதவர்களின் புகலிடம் அது. கழிவு நேரே ஏரியில் விழுந்தது. 1960-களில் சாக்கடை இணைப்பு கட்டாயமானது. குழாய் போடக் காசில்லாத வீடுகள் பல மறைந்தன. கரையிலிருந்த ஊரும் அதுவரை தன் கழிவை அதே ஏரியில் விட்டதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த கேள்வி 1971-இல் வாஷிங்டன் மாநிலம் இயற்றிய கரையோரச் சட்டத்தோடு வந்தது. கரையில் முதல் உரிமை, தண்ணீர் இல்லாமல் நடக்காத தொழிலுக்கு: படகுத்துறை, கப்பல் பட்டறை, மீன்பிடிப்பு. குடியிருக்கத் தண்ணீர் எதற்கு? கடைசியில் 2011-இல், ஏற்கெனவே முறைப்படி இருக்கும் மிதவை வீடுகளுக்கு மாநிலச் சட்டம் பாதுகாப்பு தந்தது, புதிய வீடுகளுக்கோ கதவு சாத்தியே இருக்கிறது. விளைவு, ஏழைகளின் குடிசைகளாகத் தொடங்கியவை இன்று பல லட்சம் டாலருக்குக் கைமாறுகின்றன.

அது வீடா, படகா என்ற வழக்கும் உண்டு. ஃபுளோரிடாவின் ரிவியரா பீச் நகரம் தன் படகுத்துறையில் ஒருவர் நிறுத்தியிருந்த மிதவை வீட்டைக் கப்பல் சட்டத்தின்கீழ் கைப்பற்றி உடைத்தது. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது கப்பலே அல்ல என்றது. சுக்கான் இல்லை, இயந்திரம் இல்லை, பார்ப்பவர் யாரும் அதைப் பயணம் போகும் பொருளாக நினைக்க மாட்டார் என்பது வாதம். தீர்ப்பு சரி. வீடுதான் அதற்குள் இல்லாமல் போயிற்று.

என்னைக் கவர்ந்த கணக்கு இதெல்லாம் இல்லை, நிழல் கணக்கு. ஆற்றில் பொரித்த சினூக் சால்மன் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வழி சியாட்டிலின் யூனியன் ஏரி. விரல் நீளம்தான் இருக்கும். ஆழம் குறைந்த கரையை ஒட்டியே நீந்தும். மிதவையின் நிழல் வந்ததும் தயங்கி நிற்கும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அவற்றின் கண்ணுக்கு நேரம் பிடிக்கும், பகல் காட்சிக்குத் தாமதமாகப் போய் இருக்கை தடவும் நம்மைப் போல. நிழலைச் சுற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போனால், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பாஸ் மீன்கள் காத்திருக்கும். 1999-இல் அந்தப் பகுதியின் சினூக், அழியும் ஆபத்தை நெருங்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் கரையில் எதைக் கட்டினாலும், நிலத்தின் பரப்போடு தண்ணீர்மேல் விழும் நிழலின் பரப்பையும் அளக்க வேண்டியதாயிற்று.

சியாட்டில் நகரம் எலியட் விரிகுடாவில் தன் பழைய கடற்சுவரை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, 2017-இல் முடிந்த அந்த வேலையில், தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்தார்கள். வழவழப்பான சுவருக்குப் பதில் பாசியும் சிற்றுயிரும் ஒட்டச் சொரசொரப்பான சுவர், குஞ்சுகளுக்கு ஆழம் குறைந்த தடம். ஐஸ்கிரீமோடு நடக்கிறவர்கள் காலடியில் கண்ணாடி எதற்கு என்று யோசிப்பதில்லை. அவர்கள் செருப்புக்கு இரண்டு பக்கமும் வெயில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏரிப் பக்கத்திலும் இப்போது துறைகளுக்குப் புதிதாகத் தளம் போடுபவர்களிடம், பலகைக்குப் பதில் வெளிச்சம் இறங்கும் கம்பிவலைத் தளத்தைக் கேட்கிறார்கள். குதிகால் உயர்ந்த செருப்பு அதில் மாட்டிக்கொள்ளும். மீனுக்கு வழி கிடைக்கும்.