வலிக்காத வயிறு நல்ல வயிறா?

கிடங்கில் சரக்கு இருப்பை நாள்தோறும் சரிபார்க்கும் நாம், உடம்பைப் பார்ப்பதில்லை. இரவு கடை அடைத்ததும் வெறும் வயிற்றில் மது அருந்தும் பழக்கம் நம்மவர் சிலரிடமும், நம்மிடம் மூட்டை தூக்கும் தொழிலாளர் பலரிடமும் உண்டு. கேட்டால், "எனக்கு வயிற்றுவலியே வந்ததில்லை" என்பார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்று பார்ப்போம்.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறை கழுவ நாம் விற்கும் ஆசிட்டும் இதே இனம்தான். இந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் காப்பது, உட்சுவரின்மேல் படிந்திருக்கும் வழுவழுப்பான சளிப்படலம். சர்க்கரை மூட்டைக்குள் இருக்கும் பாலித்தீன் உறை போன்றது இது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு இந்தப் படலம் பழுதாகிறது. அமிலம் சுவரைத் தொடுகிறது. சுவர் சிவந்து வீங்குகிறது, புண்ணாகிறது, இரத்தம் கசிகிறது. இதையே இரைப்பை அழற்சி என்கிறார்கள்.

இதைக் கண்ணால் பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. 1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், மென்மயிர்த்தோல் வணிகக் கம்பெனியின் கடையில் துப்பாக்கி தவறி வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலியாளின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பைவரை சென்ற துளை மூடவில்லை. இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அத்துளை வழியே பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1833இல் நூலாக வெளியிட்டார். செயின்ட் மார்ட்டின் எட்டுப் பத்து நாள் தொடர்ந்து குடித்த சமயத்தில் உட்சுவர் சிவந்து, புண்பட்டு, இரத்தம் கசிந்ததை அவர் கண்டார். குடித்தவரோ வலி இல்லை, பசி நன்றாக எடுக்கிறது என்றார்! குடி நின்று, சில நாள் இலேசான உணவு கொடுத்ததும் சுவர் தேறியது.

இதில் நமக்கு இரண்டு பாடம். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. குடியை விட்டால் இரைப்பை தேறவும் வழியுண்டு.

காலையில் தலைவலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரை போடுவது புண்ணின்மேல் புண். பழக்கமான வாடிக்கையாளர் கேட்டாலும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். புளிப்பு முறிக்கும் பொடி எரிச்சலைத்தான் தணிக்கும். குடி தொடர்ந்தால் புண் ஆறாது.

மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, வாந்தி காப்பி மண்டிபோல் இருந்தாலோ, இரத்தமாக வந்தாலோ உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். கடையைப் பூட்டிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். ஆகவே டாக்டர் மேற்பார்வையில்தான் விட வேண்டும். விட நினைக்கும் தொழிலாளிக்கு நாலு நாள் சம்பளத்துடன் விடுப்புக் கொடுத்தால் நம் முதல் ஒன்றும் கரைந்துவிடாது. ஒரு குடும்பம் பிழைக்கும்.