நாடக விளம்பரமும் கைத்தொலைபேசித் திரையும்

மாணவர் நாடகத்தை மேடையேற்றுவோர் விளம்பரப் படத்தை இறுதி வாரத்துக்கு ஒதுக்குதல் பெருவழக்கு. யாம் பயிற்றிய நாடகமொன்றுக்கும் அதுவே நேர்ந்தது. நடிகர் பதினால்வர் பெயரும் பிரதம விருந்தினர் உருவமும் ஒருங்கே அமைந்த படம் சுவரிலே அழகாய்த் தோன்றியது. வட்ஸ்அப் வழிச் சென்றபோதோ தொடங்கும் நேரத்தை வாசித்தார் சிலரே. முதற் காட்சி முடிந்தபின் வந்த பெற்றோர் பலர்.

சுவரொட்டி நின்று நோக்கப்படுவது. கைத்தொலைபேசிப் படமோ விரலால் தள்ளப்படுவது. அன்றியும், அனுப்புங்கால் படம் சுருக்கப்படுதலின் நுண்ணெழுத்தே முதலில் மங்கும். ஆதலின் நாடகப் பெயர், நாள், நேரம், இடம் என்பனவும், ஒத்திகையில் எடுத்த ஒரு முகமும் போதும். இன்ஸ்டகிராமிலே நிலைத்து நிற்கும் படத்துக்கு 1080க்கு 1350 படப்புள்ளிகளும், 24 மணிநேரத்தில் மறைவதற்கு 1080க்கு 1920உம் பொருந்தும். பின்னதன் மேலோரத்தையும் கீழோரத்தையும் செயலியின் குறிகள் மறைக்கும். ஆங்கு எழுத்து வைத்தலாகாது. தமிழிலே மெய்யின் புள்ளி மேலெழும், உகரத்தின் வால் கீழிறங்கும். வரிகளை நெருக்கினால் இரண்டும் மோதும். இதனை ஆங்கில மாதிரியைப் பார்த்து அமைப்போர் மறந்துவிடுகின்றனர்.

பெயர் விடுபட்ட மாணவன் முகம் வாடுமே என்பர். உண்மையே. அடுத்த நாடகத்துக்கு, பெற்றோர் இசைவு பெற்று, நாளொரு நடிகராகப் பதினான்கு படங்கள் வெளியிட்டோம். அவற்றை மாணவரின் உறவினரே ஊரெங்கும் பரப்பினர்.