142 அடி

மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் காலைப் பத்திரிகையை விரிக்கும் முதியவர்களில் சிலர், தலைப்புச் செய்திக்குப் போகுமுன், அணைகளின் நீர்மட்டம் அச்சாகியிருக்கும் மூலையில் விரலை வைத்து முல்லைப் பெரியாறு எத்தனை அடி என்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். கள்ளந்திரி வரை இருபோகம் விளையுமா, மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்காவது மடை திறக்குமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

அந்த எண்ணின் உச்சவரம்பு நாம் வாக்களித்து அனுப்பிய பிரதிநிதிகள் நிர்ணயித்ததன்று. 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அந்த அணையில், 1979-இல் எழுந்த பாதுகாப்பு அச்சத்தால் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகள் நடந்தபின், நிபுணர் குழுவின் அபிப்பிராயத்தை ஏற்று, 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. அடுத்த மாதமே கேரள சட்டசபை 136 அடிக்கு மேல் கூடாதென்று சட்டம் இயற்றியது. 2010-இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அமைத்த, தமிழ்நாடும் கேரளமும் நியமித்த முன்னாள் நீதிபதிகள் இருவரும் தொழில்நுட்ப நிபுணர் இருவரும் அமர்ந்த குழு, அணை உறுதியாக இருக்கிறதென்று 2012-இல் அறிக்கை தந்தது; 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அச்சட்டத்தைச் செல்லாதாக்கி, மேற்பார்வைக்கு மூவர் குழுவையும் அமைத்தனர்.

ஜனங்களின் சபை இயற்றிய சட்டத்தை ஒரு குழுவின் அறிக்கையைத் துணைகொண்டு தள்ளுவது ஜனநாயகத்துக்கு உகந்ததா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: கட்டுமானத்தின் பலம் கையுயர்த்தித் தீர்மானிக்கும் விஷயமன்று, அதைச் சோதித்தறிந்து சொல்ல நிபுணர் வேண்டும். ஆனால் மழை பிடித்த இரவில் அணைக்குக் கீழே உள்ள வண்டிப்பெரியாற்றில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விழித்திருக்கும் தாயின் பயமும் பொய்யன்று. கசிவு எவ்வளவு, எப்படி அளந்தார்கள் என்று அவளுக்குப் புரியும் பாஷையில் யாரும் சொல்லாதவரை, அறிக்கை எத்தனை சரியாயிருந்தாலும் அவளுக்கு அது அந்நியர் சொல்லே. தேர்தலில் ஜனங்களிடம் பதில் சொல்லும் கடமை இல்லாத குழுவுக்கு, தன் காரணங்களை அவர்கள் முன் வைக்கும் கடமை இரட்டிப்பாகிறது.

ஆகவே மேற்பார்வைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்: ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, அளவுகளோடு சிம்மக்கல் நூலகத்திலும் இடுக்கி மாவட்ட நூலகங்களிலும் வாசகர் கைக்கெட்டும்படி வையுங்கள்.